நம்ம எஸ்டேட்

"எங்கள் கல்லூரிக்கு நீங்கள் ஏன் பொருத்தமானவர் என்று எழுதுக."

இதுதான் அவர்கள் கேட்டிருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை அம்மாவுக்காகத் தமிழில் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொருத்தமா? ஏன், காலேஜு ஒன்னப் பொண்ணு பாக்க வருதா? ஜாதகமும் கேட்டானா?"

"வெளையாடாதீங்கம்மா."

"நான் எங்கடி ஷாமினி வெளையாடுறேன்? ஒன் வாய்க்கு மாப்பிள்ள அமையறதே கஷ்டம்னு இருக்கேன். காலேஜாவது அமையுதான்னு பாப்போம்."

என் வாயைப் பற்றி வீட்டில் இரண்டு அபிப்பிராயம் கிடையாது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அது அப்பாவிடமிருந்து வந்தது என்பாள் அம்மா. அப்பா பேசாமல் அம்மாவைக் கைகாட்டுவார். யார் கொடுத்ததோ, எனக்குக் குறைவில்லாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்து நல்ல புள்ளிகள் வைத்திருந்தேன். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் நில அளவை கேட்டேன். கிடைத்தது நான் கேட்காத ஏதோ ஒன்று. அப்போதுதான் கோலாலம்பூரில் இருக்கும் இந்தத் தனியார் கல்லூரியின் விளம்பரம் கண்ணில் பட்டது. சொத்து சுகம் இல்லாத வீட்டுப் பிள்ளை ஒருவருக்கு நில அளவைப் படிப்பு முழுக்க உபகாரச் சம்பளம், விடுதியும் சாப்பாடும் உட்பட. கிடைத்தால் நான் சர்வேயர். கிடைக்காவிட்டால் சிரம்பானில் ஏதாவது ஒரு பேரங்காடியில் சீருடை மாட்டிக்கொண்டு விலைச்சீட்டு ஒட்ட வேண்டியதுதான். நடுவில் வேறு வழி எதுவும் இல்லை.

நாங்கள் இருப்பது ஏழாங்கட்டை எஸ்டேட்டில். ராசா என்ற ஊரைத் தாண்டி, சடக்கு என்று நாங்கள் சொல்லும் பெரிய சாலையிலிருந்து திரும்பினால் உள்ளே நீளமாகச் செம்மண் ரோடு. ஒரு காலத்தில் ரப்பர், இப்போது எண்ணெய் தரும் செம்பனை. அப்பா குணாளன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அம்மா மாதவி ராசாவில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறாள். எஸ்டேட்டை வீடு கட்டும் கம்பெனிக்கு விற்றாகிவிட்டது. ஒவ்வொரு குடும்பமாகச் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பிப் போய், கடைசியில் பக்கத்து வீட்டு ராமசாமி மாமாவும் போய்விட்டார். மிச்சம் நாங்கள், குலை வெட்ட வந்த வெளிநாட்டு ஆட்கள், முனியாண்டி கோயில்.

போகாததற்குக் காரணம் அப்பா.

"நம்ம எஸ்டேட்ட வுட்டுட்டு எங்க போறது?" என்பார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

அப்பா "எங்க எஸ்டேட்" என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. எப்போதும் "நம்ம எஸ்டேட்"தான். வீட்டு ஆட்களிடம் மட்டுமில்லை, எவரிடமும் அப்படித்தான். வழி தெரியாமல் சடக்கிலேயே நின்று ஃபோன் பண்ணும் கிராப் டாக்சி டிரைவரிடம், "நேரா வந்து சோத்தாங்கை பக்கம் திரும்புனா நம்ம எஸ்டேட் தம்பி" என்பார். அந்தத் தம்பிக்கும் அதில் ஒரு பங்கு எழுதி வைத்ததுபோல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தள்ளுவண்டியில் கல்லை நிரப்பிக்கொண்டு போய்ச் செம்மண் ரோட்டின் பள்ளங்களில் கொட்டி, மண்வெட்டியால் தட்டிச் சமப்படுத்திவிட்டு வருவார். யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

"கம்பெனி ரோட்டுக்கு எம்புருசன் கல்லு போடுறாரு" என்று அம்மா வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொல்வாள். கேட்க ஊர்தான் இல்லை.

நானும் சும்மா இருக்க மாட்டேன். "நம்ம எஸ்டேட்தானப்பா, ஒரு மூலைய வித்து எனக்கு லேப்டாப் வாங்கிக் குடுங்க" என்பேன். அப்பாவும் சிரிப்பார். ஆனால் விஷயம் வீடு மாறுவதில் வந்து நின்றால் அந்தச் சிரிப்பு போய்விடும்.

அம்மாவின் தம்பி வீரமுத்து மாமா அம்பாங்கானில் வீடு வாங்கியிருந்தார். அங்கே ஓர் அறை காலியாகக் கிடந்தது. ஒருநாள் அம்மா மெல்ல ஆரம்பித்தாள்.

"என் தம்பி வூட்ல கொஞ்ச நாளு தும்பாங் இருந்துக்கிட்டு, நல்லதா ஒரு வூடு பாக்கலாம் லா."

தும்பாங் மலாய்ச் சொல். அடுத்தவர் வண்டியில் ஏறிக்கொள்வதும் தும்பாங், அடுத்தவர் வீட்டில் ஒண்டிக்கொள்வதும் தும்பாங். எங்கள் பேச்சில் தண்ணீர் மாதிரி புழங்கும் சொல். அப்பாவுக்கு மட்டும் அது ஆகவே ஆகாது. மழையில் மோட்டார் சைக்கிள் நின்றுபோனால்கூடச் சடக்கிலிருந்து வீடுவரைக்கும் தள்ளிக்கொண்டு வருவாரே தவிர, யாரிடமும் தும்பாங் கேட்டு ஏற மாட்டார்.

"எங்கப்பன் பாட்டன் எல்லாத்தையும் எரிச்ச மண்ணு இது," என்றார் அம்மாவிடம். "நான் எதுக்கு எவன் வூட்லயோ தும்பாங் இருக்கணும்? இந்த வார்த்தைய இனிமே இந்த வூட்ல பேசாத."

அம்மா பேசவில்லை. அதற்குப் பதிலாகப் பாத்திரங்கள் பேசின.

நான் சர்வே படிக்க ஆசைப்பட்டதும் இந்த எஸ்டேட்டில்தான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலை நேரம், முக்காலியும் அளக்கும் கருவியும் தூக்கிக்கொண்டு சிலர் வந்து இறங்கினார்கள். தொப்பியும் பூட்ஸும் போட்ட ஒரு மலாய்க்கார அக்காதான் அவர்களுக்குத் தலைவி. நான் ஓரமாக நின்று பார்ப்பதைப் பார்த்து, வா என்று கூப்பிட்டுக் கருவிக்குள் பார்க்க விட்டாள். தூரத்தில் எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அப்பாவின் பனியன், கிழிசல் உட்படக் கண் முன்னால் வந்து நின்றது. அந்தப் பனியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அவள் உடனே சொன்னாள். நிலத்தைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் எங்கள் வீட்டில் குரலை உயர்த்துவார்கள். குரலை உயர்த்தாமல் நிலத்தைப் பற்றி ஒருத்தி பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

அன்றைக்கு அவர்களுக்கு அப்பா இளநீர் வெட்டிக் கொடுத்தார். நம்ம எஸ்டேட்டுக்கு வந்த விருந்தாளிகள் அல்லவா! அவர்கள் அடித்துவிட்டுப் போன சிவப்பு முளைகள் எஸ்டேட்டை வீட்டு மனைகளாகப் பிரிக்க என்று அப்புறம்தான் தெரிந்தது. அதனால் நான் என்ன படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது அப்பா சோற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம எஸ்டேட்ட கூறு போட்டவனுங்க படிப்பா?"

"கூறு போட்டவங்க வேற, அளந்தவங்க வேறப்பா."

"எளநி வெட்டிக் குடுத்தேன் ஷாமி அவனுங்களுக்கு," என்றார். ஆனால் படிக்காதே என்று சொல்லவில்லை. அப்பாவிடம் எனக்குப் பிடித்தது அதுதான், கோபத்தை அடுத்தவர் தட்டில் கொட்ட மாட்டார்.

கட்டுரைக்கு வருகிறேன். எப்படி எழுதுவது என்று இணையத்தில் தேடினால் ஆளாளுக்கு ஒரே யோசனை: உங்கள் கஷ்டத்தைச் சொல்லுங்கள், படிப்பவர் மனம் இளக வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அளந்து அளந்து அழ நான் என்ன கூலிக்கு மாரடிக்கிறவளா? இரண்டு மூன்று தடவை எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் அந்தக் காலை நேரத்தை எழுதினேன். முக்காலி, அந்த அக்கா, கொடியில் பனியன். அப்படியே எஸ்டேட், ரோடு, அப்பா என்று வரிசையாக வந்தது. எழுத எழுத எனக்கே சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆங்கிலத்தைத் திருத்தித் தந்தது பள்ளியில் எனக்குப் பாடம் எடுத்த விக்டோரியா டீச்சர். அவரும் ஓர் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். எங்கெங்கோ கமாவைச் சேர்த்து, இரண்டு சொல்லை மாற்றி, "நல்லா இருக்கு ஷாமினி, எனக்கு எங்க எஸ்டேட் ஞாபகம் வந்துருச்சி" என்று அனுப்பி வைத்தார். நானும் கல்லூரிக்கு அனுப்பிவிட்டேன்.

பதில் வந்தது. நேர்முகத் தேர்வுக்கு வர வேண்டும், தாயோ தந்தையோ கூட வர வேண்டும். படித்துக்கொண்டே வந்த நான் கீழே இருந்த வரியில் நின்றுவிட்டேன். உங்கள் கட்டுரையில் குடும்பத்துக்குச் சொந்தமான எஸ்டேட் குறிப்பிடப்பட்டுள்ளது, விண்ணப்பத்தில் அது காட்டப்படவில்லை. இந்த உதவி நிலவுடைமையாளர்களின் பிள்ளைகளுக்கு உரியதல்ல. எனவே நிலத்தின் உரிமைப் பத்திரமான கிராண்ட்டையும் கொண்டுவந்து விளக்கம் தரவும்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பாத்தியாடி, நான் சொல்லல? மொதல்ல பொருத்தம் பாத்தான். இப்ப சீர் செனத்தி கேக்குறான். பொண்ணுக்கு எவ்ளோ நெலம் எழுதி வைப்பீங்கன்னு கேக்குறான்! ஐயோ, கிராண்ட்டு வேணுமாம்டி, கிராண்ட்டு!"

எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே என் கட்டுரையைத் திறந்து, அந்தக் கல்லூரிக்காரர் கண்ணால் ஒரு தடவை படித்தேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"எங்கள் எஸ்டேட்டை அளக்க அன்று சிலர் வந்தனர்." "என் தந்தை எங்கள் எஸ்டேட்டைக் கவனித்துக்கொள்கிறார். அதன் சாலைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே நேரில் பார்வையிட்டுச் சீர்செய்கிறார்." "எங்கள் லோரிகள் எங்கள் பழங்களை ஆலைக்குக் கொண்டுசெல்லும்போது..." "நான்கு தலைமுறைகளாக எங்கள் குடும்பம் இந்த எஸ்டேட்டில்..."

படித்தால் யாருக்கு என்ன தோன்றும்? மேல்மாடியில் நின்று காப்பி குடித்துக்கொண்டே மரங்களைப் பார்க்கிற முதலாளி மகள்தான் தோன்றுவாள். நம்ம, நம்ம என்று பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு, ஆங்கிலத்தில் எழுதும்போதும் கை தானாக அதைத்தான் எழுதியிருக்கிறது. டீச்சரும் எஸ்டேட்காரர். அவருக்கும் கண்ணில் படவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா, "என்னா சிரிப்பு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். கட்டுரையை வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். ரோட்டுக்குக் கல் போடும் வரி வந்தபோது அவர் முகத்தில் லேசாக ஒரு வெட்கம் வந்தது.

"சரியாத்தான எழுதியிருக்க?" என்றார்.

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ!

"என்னப்பா சரி? நீங்க நம்ம நம்மன்னு சொல்லிச் சொல்லித்தான் என் கையிலயும் அது வந்துருச்சி. நமக்கு அங்க என்னா இருக்கு? ஒரு செங்கல்லு இருக்கா? இந்த வூடு நம்ம பேர்ல இருக்கா? கிராண்ட்டு கேக்குறான், குடுங்க பாப்போம்! ஒங்க நம்ம எஸ்டேட்டால என் படிப்புப் போவப் போவுது!"

அம்மா, "ஷாமி, போதும்" என்றாள். கேலி செய்துகொண்டே இருப்பவள் அப்படிச் சொன்னதும்தான் நான் எவ்வளவு பேசிவிட்டேன் என்று எனக்கு உறைத்தது.

அப்பா திருப்பித் திட்டவில்லை. "எப்ப போவணும்?" என்று மட்டும் கேட்டார்.

கொமுட்டர் ரயிலில் எனக்கு எதிரே அப்பா உட்கார்ந்திருந்தார். கல்யாணங்களுக்குப் போடும் நீலச் சட்டை போட்டிருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சொல்ல வேண்டியதை வாய்க்குள்ளேயே ஒப்பித்துக்கொண்டு வந்தேன். மன்னிக்க வேண்டும், இது என் ஆங்கிலத்தில் நேர்ந்த பிழை, அந்த எஸ்டேட் எங்களுடையதல்ல, நாங்கள் அங்கே வேலை செய்பவர்கள் மட்டுமே. சின்னப் பேச்சுத்தான். அதைச் சொல்லிவிட்டால் மீதி சுலபம்.

கல்லூரி பளபளவென்று இருந்தது. அப்பா கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றப் பார்த்தார், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். உள்ளே இரண்டு பேர். துறைத் தலைவர் ஒரு சீனர், பக்கத்தில் வயதான மலாய்க்கார அம்மையார். இரண்டு பேருமே நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். அப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். என் கணிதப் புள்ளிகளைப் பார்த்துத் தலைவர் புருவத்தை உயர்த்தினார். பிறகு என் கட்டுரையை எடுத்து முன்னால் வைத்தார்.

"நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் இந்த எஸ்டேட். இது உங்கள் குடும்பத்துக்குச் சொந்தமா, இல்லையா?"

மன்னிக்க வேண்டும், என்று ஆரம்பித்தேன். அடுத்த சொல் வரவில்லை.

அப்பா பக்கத்தில் நாற்காலி நுனியில், முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தார். முள் குத்திக் குத்திக் கறுத்த விரல்களை முழங்கால் மேல் விரித்து வைத்திருந்தார். வீட்டில் அத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன், போன வாரம் கத்தியும் இருக்கிறேன். ஆனால் அந்நியர்கள் முன்னால், அந்த மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அது எங்களுடையதில்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. என் வாயிலிருந்து வந்தது வேறு பேச்சு.

ஐயா, எங்கள் மொழியில் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது என்றேன். கேட்பவரை வெளியே விட்டுவிட்டுச் சொன்னால் 'எங்க', அவரையும் சேர்த்துக்கொண்டு சொன்னால் 'நம்ம'. என் தந்தை சொல்வது இரண்டாவது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் இருக்கிறது, அதைத்தான் எழுதினேன். மலாய்க்கார அம்மையார் தலையாட்டினார். மலாயிலும் அப்படி இரண்டு சொல் உண்டு.

"புரிகிறது," என்றார் தலைவர். "அது உணர்வு. எனக்கு வேண்டியது பதிவு. சொந்தமா, இல்லையா?"

"அவருடைய தாத்தா சாலை போட்டார். அவருடைய அப்பா மரம் நட்டார். இவர் இன்றுவரைக்கும் பள்ளத்துக்குக் கல் போடுகிறார். எல்லாரும் அந்த மண்ணில்தான் எரிந்தார்கள். அது எங்களுடையது இல்லையென்றால் வேறு யாருடையது?"

குரல் உயர்ந்துவிட்டது. எனக்கே கேட்டது. தலைவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். போயிற்று என்று நினைத்தேன். இல்லை என்ற ஒரு சொல் போதும், அது வர மாட்டேன் என்கிறது. அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு என் கையாலேயே என் படிப்பைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

அப்போது அப்பா தொண்டையைச் செருமினார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் என்ன நடக்கிறது என்று புரிந்திருக்கிறது. அந்த அம்மையாரைப் பார்த்து மலாயில் பேசினார்.

"புவான், இத்து எஸ்டேட் கொம்பெனி புன்யா. ருமா புன் கொம்பெனி புன்யா."

அந்த எஸ்டேட் கம்பெனியுடையது, வீடும் கம்பெனியுடையது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அதுவே போதுமாக இருந்திருக்கும். அவர்களுக்கு எந்தச் சந்தேகமும் வந்துவிடக் கூடாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மெதுவாகச் சொன்னார்.

"கித்தா தும்பாங் சஜா."

நாங்கள் சும்மா தும்பாங் இருக்கிறோம், அவ்வளவுதான்.

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. மேஜையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மையார் அப்பாவுக்கு மரியாதையாக நன்றி சொன்னார். தலைவர் பேனாவைத் திறந்து ஏதோ எழுதினார். பிறகு முக்கோணங்களைப் பற்றியும் வரைபடங்களைப் பற்றியும் கேட்டார்கள். பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இன்றுவரைக்கும் ஞாபகம் இல்லை.

திரும்பி வரும்போது ரயிலில் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கல்லூரி மேலா, கம்பெனி மேலா, அப்பா மேலா, என் மேலா என்று தெரியவில்லை. அப்புறம் அழுகை வந்தது.

"அப்பா, நீங்க அப்படிச் சொல்லியிருக்க வேணாம்," என்றேன்.

"நீதான சொன்ன, ஒரு செங்கல்லு கெடையாதுன்னு."

குத்திக்காட்டும் குரலில் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார்.

சிரம்பான் ஸ்டேஷனில் விட்டிருந்த மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். செம்மண் ரோட்டில் மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளம் ஒன்றில் மோட்டார் இறங்கித் தூக்கிப் போட்டது. வழக்கமாக இருந்தால், "இங்க ரெண்டு வண்டி கல்லு போடணும்" என்று அப்பா முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்குச் சொல்லியிருப்பார். அன்றைக்குப் பள்ளத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தள்ளுவண்டி சுவரோரம் சாய்ந்தே கிடந்தது. அம்மா இரண்டு தடவை வாசலுக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இன்னிக்கு ரோட்டுக்குப் போவலையா?"

"கம்பெனி ரோடு," என்றார் அப்பா. "கம்பெனி போடட்டும்."

வருஷக்கணக்காக அம்மா வாசலில் நின்று கத்தியது இதைத்தான். இப்போது அவர் வாயால் கேட்டதும் அவள் முகம் செத்துப்போய்விட்டது. ஜெயித்தவள் மாதிரியே இல்லை. அடுப்பங்கரைக்குப் போனாள். பாத்திரச் சத்தம்கூட வரவில்லை.

சாப்பிடும்போது அப்பாவே, "ஒன் தம்பிகிட்ட பேசு. ரூம்பு இன்னும் காலியா இருக்கான்னு கேளு" என்றார்.

"இப்ப என்னா அவசரம் லா," என்றாள் அம்மா. "மொதல்ல அவ படிப்பு ஒரு வழியாவட்டும்." பேசிக்கொண்டே அவர் தட்டில் கேட்காமலேயே இன்னொரு மீன் துண்டை வைத்தாள். நான் குனிந்து சாப்பிட்டேன். அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதி எனக்குப் பழக்கமில்லை. பயமாக இருந்தது.

பதில் வந்த நாள் மழை. அப்பா லோரியை விட்டுவிட்டு அப்போதுதான் வந்து, தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். அம்மா துணிகளை உள்ளே எடுத்து வந்து கொண்டிருந்தாள். ஃபோனில் மின்னஞ்சலைத் திறந்த நான் முதல் வரியைப் படித்ததும் கத்திவிட்டேன். அம்மா துணிகளை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"கெடச்சிருச்சா? கெடச்சிருச்சாடி?"

"கெடச்சிருச்சிம்மா. முழுசா."

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, உடனே முனியாண்டியைக் கூப்பிட்டு, உடனே வீரமுத்து மாமாவுக்கு ஃபோன் போட ஓடினாள். "பொருத்தம் அமஞ்சிருச்சிடா தம்பி!" என்று அடுப்பங்கரையில் அவள் கத்துவது கேட்டது.

அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. கண்ணும் கலங்கியிருந்தது. "படி," என்றார். "என்னா போட்டிருக்கான்னு முழுசா படி."

தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். வாழ்த்துகள். உங்கள் விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இன்ன தேதியில் வந்து பதிந்துகொள்ள வேண்டும். கடைசியில் ஒரு வரி. "எங்கள் கல்லூரிக்கு உங்களை வரவேற்கக் காத்திருக்கிறோம்."

அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்கன்னு போட்டிருக்கானா, நம்மன்னு போட்டிருக்கானா?"

அன்றைக்கு அந்த அறையில் நான் ஆங்கிலத்தில் சொன்னதை அவர் எப்படியோ பிடித்து வைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் அப்பா, அவன் எதை நினைத்து எழுதினான் என்று யாருக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. நான் ஃபோனை இன்னொரு தடவை உற்றுப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

"நம்மன்னுதாம்பா போட்டிருக்கான்," என்றேன்.

அப்பா தலையாட்டினார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏற்கெனவே துடைத்த முகம்தான்.

"அப்ப அங்க போயி தும்பாங் இருக்குற மாதிரி இருக்காத," என்றார்.